கடைசி ஆள் உட்கார்ந்த பிறகு

முதுகுளத்தூர்ப் பக்கம் வழி கேட்டுப் பாருங்கள், எந்த ஊரும் தூரத்தில் இருக்காது. "இந்தா பக்கந்தேன், ரெண்டு எட்டு வச்சா வந்துரும்" என்பார்கள். அந்த இரண்டு எட்டு ஆறு கிலோமீட்டராகவும் இருக்கலாம். சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் தன் காலால் அளந்து சொன்னார், நாம் நம் காலால் நடக்கிறோம், வித்தியாசம் அவ்வளவுதான். கூட்டமாக நடக்கக் கிளம்பி, பாதியிலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வரும் எல்லா உறவுச் சண்டைக்கும் மூலம் இந்த வித்தியாசம்தான் என்பது என் கட்சி. நம் முன்னோர்கள் தூரத்தை 'நாழிகை வழி' என்று அளந்தார்கள். ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நடந்தால் எவ்வளவோ அவ்வளவு. நல்ல அளவைதான். ஆனால் யாருடைய நாழிகை? மிளகாய்க் காட்டிலிருந்து மூட்டையோடு வருகிறவருடையதா, சென்னையிலிருந்து லீவுக்கு வந்த மாப்பிள்ளையுடையதா என்று கேட்டால் பதில் கிடையாது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு கணக்குப் போட்டார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், மேலே ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இன்றும் மலை ஏறுகிறவர்கள் அதை வைத்துத் திட்டம் போடுகிறார்கள். அதை முதுகுளத்தூருக்குக் கொண்டு வந்தால் பின்பாதிக்கு வேலையே இல்லை. இங்கே ஏறுவதற்கு இருக்கும் ஒரே மலை கண்மாய்க் கரைதான்.

இந்தக் கூட்டு நடைக்கு எங்கள் பக்கம் இயல்பாக அமையும் நாள் காணும் பொங்கல். அன்றைக்குச் சேரும் கூட்டத்தைப் பாருங்கள். சர்க்கரைக்காகத் தினமும் மைதானத்தைச் சுற்றும் சித்தப்பா, முழங்கால் வலி அத்தை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு வாண்டுகள், கைக்குழந்தைக்காரி ஒருத்தி, கபடி ஆடும் இளவட்டங்கள், புது ஷூ வாங்கிப் போட்ட புது மாப்பிள்ளை. மலையேற்றக் குழுக்களில் உடல்தகுதி பார்த்து ஆள் சேர்க்கிறார்களாம். சொந்தபந்தத்தில் அந்த வசதி இல்லை. "அத்தை, உங்க மூட்டு சரியில்லை, நீங்க வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்யாணத்துக்கு அவர் வீட்டு வாசலில் பத்திரிகையோடு போய் நிற்க முடியாது. ஆகவே எல்லாரும் வருவார்கள். எல்லாரும் வருவதால் திட்டம் போடுகிறவர் என்ன செய்கிறார் என்றால், சராசரி பார்க்கிறார். "பெரியவங்களும் இருக்காங்க, ஆறு கிலோமீட்டர் போதும்" என்கிறார். தூரத்தைக் குறைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பு.

தீராது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இளவட்டம் ஒரு கிலோமீட்டரைப் பத்து நிமிடத்தில் கடக்கிறான். அத்தைக்கு இருபது நிமிடம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அவன் ஒரு மரத்தடியில் நின்று காத்திருக்கிறான், நல்ல பிள்ளைதான். பத்து நிமிடம் சாய்ந்து, தண்ணீர் குடித்து, செல்போன் பார்த்து முடிக்கும்போது அத்தை மூச்சு வாங்க வந்து சேருகிறார். உடனே அவன் எழுந்து, புட்டத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "வந்தாச்சா? சரி, கிளம்புவோமா?" என்கிறான். ஆறு கிலோமீட்டர் முடியும்போது அவன் ஒரு மணி நேரம் நடந்து, ஒரு மணி நேரம் ஓய்வெடுத்திருப்பான். அத்தை இரண்டு மணி நேரம் நடந்து, ஒரு நிமிடம்கூட உட்கார்ந்திருக்க மாட்டார். வலுவுள்ளவனுக்கு ஓய்வு, வலு இல்லாதவருக்கு வேலை. நாட்டில் வேறு எங்கெங்கோ நடக்கிற காரியம்தான் என்றாலும், காணும் பொங்கலன்றுமா? தூரத்தை ஆறிலிருந்து மூன்றாகக் குறைத்தாலும் இந்த அநியாயம் பாதியாகுமே தவிரப் போகாது. கோளாறு தூரத்தில் இல்லை. எங்கே உட்காருவது, எப்போது எழுவது என்பதை யாரும் திட்டமிடாததில் இருக்கிறது. கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்கும் என்று ஒரே ஒரு சட்டம் போதும். முதலில் உட்காரும் இடங்களைக் குறித்துவிட்டு, அவற்றை இணைக்கிற கோடாகப் பாதையைப் போட வேண்டும்.

இது நானாகக் கண்டுபிடித்த தத்துவமில்லை. இந்தச் சீமையில் நடந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பழைய சாலையோரங்களில் இன்றும் அங்கங்கே நிற்கும் சுமைதாங்கிக் கல்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். அதன் உயரத்தில்தான் சூட்சுமம். நிற்கிறவரின் நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவே வரும். தலைச்சுமைக்காரர் குனியாமல், துணைக்கு ஆள் கூப்பிடாமல், சுமையைப் பக்கவாட்டில் நகர்த்தி அதில் ஏற்றிவிடலாம். கிளம்பும்போது தலையைக் கொடுத்தால் சுமை தானாக ஏறும். பிரசவத்தில் இறந்துபோன கர்ப்பிணியின் நினைவாக, அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்கு ஈடாக, இதை நட்டு வைப்பது வழக்கம். அந்தக் கல்லை நட்டவர் போகிறவர் எவ்வளவு தூரம் போகிறார் என்று கேட்கவில்லை. எந்த இடத்தில் கழுத்து வலிக்கும் என்று மட்டும் யோசித்தார். சேதுபதி மன்னர்களும் தஞ்சை மராட்டிய மன்னர்களும் ராமேஸ்வரம் போகும் வழியெல்லாம் கட்டிய சத்திரங்கள் அதே யோசனையின் பெரிய உருவம். காசியிலிருந்து கால்நடையாக வந்தவர்களில் கிழவர்களும் உண்டு, கிழவிகளும் உண்டு. இன்றைக்கும் ராமேஸ்வரம் தீவுக்குள் பஸ்ஸில் போனால் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று கண்டக்டர் கூவுகிறார். தங்கி இளைப்பாறும் மடமே ஊருக்குப் பெயராக நிலைத்துவிட்டது. 1914இல் பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு நடை குறைந்தது, சத்திரங்களில் வௌவால் குடியேறியது. கூட்டமாக நடக்கும் கலையையும் அதோடு சேர்த்துத் தொலைத்துவிட்டோம் என்று சொல்லியிருப்பேன், பாதயாத்திரை மட்டும் இல்லாதிருந்தால்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிக் கூட்டம் நானூறு ஆண்டு வழக்கம் என்கிறார்கள். எங்கள் கடற்கரைச் சாலையில் திருச்செந்தூருக்குப் போகும் கூட்டங்களை மார்கழி, தை மாதங்களில் யாரும் பார்க்கலாம். அதில் எழுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரனும் ஒரே கூட்டம். அந்தப் பெரியவர் எப்படி ஈடுகொடுக்கிறார்? மூட்டைமுடிச்சு வண்டியில் வருகிறது. நடை விடியுமுன்பும் வெயில் தாழ்ந்த பிறகும்தான். உச்சி வெயிலில் யாராவது ஒருவருடைய தோப்பிலோ கல்யாண மண்டபத்திலோ சோறும் மோரும் தயாராக இருக்கும், சோற்றுக்குப் பிறகு ஒரு தூக்கம். "அதெல்லாம் பக்தி நடத்துகிறது, உங்கள் ஞாயிற்றுக்கிழமை உலாவை அதோடு சேர்க்காதீர்கள்" என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. பக்தி இல்லாமல் யாரும் பழனிக்குக் கிளம்ப மாட்டார்கள். ஆனால் பக்தி வீட்டிலிருந்து கிளப்பிவிடுகிற சக்தி. மூன்றாம் நாள் குதிகாலில் கொப்புளம் வந்த பிறகு நடத்துவது, அடுத்த பந்தல் எங்கே என்று தெரிந்திருப்பது. முருகனே துணை என்று கிளம்புகிறவர்களே அன்னதானம் எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்கிறார்கள். முருகன் துணையில்லாத ஞாயிற்றுக்கிழமை நடைக்கு அந்த விசாரணை இரட்டிப்பாக வேண்டாமா?

சரி, முதுகுளத்தூரில் எங்கே நடப்பது? வேண்டாத அதிகாரியை மாற்றுவதற்கென்றே தமிழ்நாடு ஒதுக்கிவைத்த 'தண்ணியில்லாக் காடு' இது என்ற பேச்சு உண்டு. அந்தக் காட்டில்தான் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று இரண்டு கண்மாய்கள், 1989இல் பறவைகள் சரணாலயம் ஆகி, 2022 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியல் வழியாக உலக வரைபடத்தில் ஏறிவிட்டன. பறவைகளுக்கு யாரும் இடமாறுதல் உத்தரவு கொடுக்கவில்லை, தாமாக வருகின்றன. கலப்புக் கூட்டத்துக்குக் கண்மாய்க் கரையைப் போல வாய்த்த பாதையை நான் அறியேன். கரை மட்டமானது. மடை, கலுங்கு, ஐயனார் கோயில் என்று உட்கார வைத்துக்கொண்டே போகும். கலுங்கின் படிக்கட்டு முழங்கால் வலிக்காரருக்கென்றே அளவெடுத்துக் கட்டியது போலிருக்கும், கொத்தனார் நினைத்தது வெள்ளத்தை என்றாலும். முக்கியமாக, கரை வில்லைப் போல வளைந்தது. முன்னால் போனவன் திரும்பிப் பார்த்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் பின்தங்கியவர் தெரிவார், யாரும் யாரையும் தேட வேண்டியதில்லை. முதல் மடையிலேயே உட்கார்ந்துவிட்டவருக்கும் நஷ்டமில்லை. போனவர்கள் அதே வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். எங்கள் மாவட்டத்தில் நிலம் பொதுவாகத் தென்கிழக்காகச் சரிவதால், கரை பெரும்பாலும் கிழக்கும் தெற்குமாக வளையும், தண்ணீர் மேற்கே கிடக்கும். காலையில் கரைமேல் உட்கார்ந்தால் வெயில் முதுகில், பறவைகள் எதிரே வெளிச்சத்தில். உட்கார்ந்தவருக்குத்தான் இந்த வசதி முழுதாகக் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. முந்தின நாள் ஒருவர் போய்ப் பார்த்து வருவது நல்லது. கரையைச் சீமைக்கருவேலம் மூடியிருக்கலாம். அந்த முள்ளுக்கு ரப்பர் செருப்பும் ஒன்றுதான், மாப்பிள்ளையின் ஷூவும் ஏறக்குறைய ஒன்றுதான். கையில் ஊன்றுகோல் இருக்கிறதோ இல்லையோ, யாராவது ஒருவர் மடியில் முள்வாங்கி இருக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் போகவே கூடாது. கரிசல் மண் ஒவ்வொரு எட்டுக்கும் காலில் ஒரு கைப்பிடி ஏறி, கபடி வீரனையும் அத்தையையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். சமத்துவம் வரும், வீடு வந்து சேர்வதுதான் கஷ்டம். மாசி பிறந்து பழம் எடுக்கத் தொடங்கிவிட்டால் மிளகாய்க் களத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் முண்டு மிளகாய் பார்வைக்குச் சிவப்புக் குண்டுமணி போல் சாதுவாகத்தான் காய்ந்துகொண்டிருக்கும். காற்று திரும்பினால் மொத்தக் கூட்டமும் ஒரே தாளத்தில் தும்மும்.

இனி இளவட்டங்களின் வழக்கு. "இப்படி மடைக்கு மடை உட்கார்ந்தால் நடந்தது மாதிரியே இருக்காது, பத்தாயிரம் எட்டு எப்படிக் கணக்காகும்?" என்பார்கள். பத்தாயிரம் என்பது வேதவாக்கு இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருடம், 1965இல், ஜப்பானில் எட்டு எண்ணும் கருவி ஒன்றுக்கு 'பத்தாயிரம் எட்டு மானி' என்ற பொருளில் பெயர் வைத்து விற்றார்கள், பெயர் உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. நம் அரசும் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது, நல்ல காரியம். எண்ணிக்கை வேண்டியவர்கள் அங்கே தனியாகப் போய் எண்ணிக்கொள்ளட்டும். கண்மாயில் ஒரு விஷயம் அவர்களுக்கு எதிராக இருக்கிறது. சரசரவென்று முன்னால் போகிறவன் காலடிக்கு நாரைக் கூட்டம் எழுந்து அக்கரைக்குப் போய்விடும். இருபது நிமிடம் கழித்து, சத்தமில்லாமல், நாலடிக்கு ஒருமுறை நின்று வரும் அத்தை வந்து உட்காரும்போது அவை பழையபடி இறங்கியிருக்கும். கூழைக்கடா வாயைத் திறந்து மூடுவதை அவர் பார்த்துவிட்டு வந்து சொல்வார். இவன் பார்த்தது அதன் முதுகை. அப்படியும் காலில் துடிப்பு அடங்காதவனுக்கு வேலை கொடுக்கலாம்: தண்ணீர்க் கேனைத் தூக்கு, குழந்தையைத் தோளில் வை, பின்னால் போய் அத்தையின் பையை வாங்கி வா. பத்து கிலோ ஏறினால் அவன் நாழிகையும் அத்தையின் நாழிகையும் தானாகக் கிட்டக் கிட்ட வரும்.

"முடியாதவர்களை ஆட்டோவில் ஏற்றி நேராகக் கோயிலில் இறக்கிவிடலாமே" என்பது இன்னொரு யோசனை. நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஆட்டோவில் போனவர் வந்த கணக்கில் சேர மாட்டார். மதியம் எல்லாரும் வழியில் கண்ட பாம்புச் சட்டையைப் பற்றிப் பேசும்போது, அவர் மீட்டருக்கு மேல் கொடுத்த இருபது ரூபாயைப் பற்றித்தான் பேச முடியும். கூப்பிடு தூரமாவது நடந்து, ஒரு மடைவரை வந்து உட்கார்ந்தவர் முழுதாக வந்தவர்.

இத்தனையும் சொன்ன பிறகு, என் திட்டத்தில் ஒரு ஓட்டை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அது நடை முடியும் இடத்தில், டீக்கடையில் இருக்கிறது. ஓய்வைக் கடைசி ஆளுக்காக நிறுத்தி வைக்கலாம், உளுந்த வடையை நிறுத்தி வைக்க முடியாது. முன்னால் வந்தவன் சூடாக இரண்டு, பேச்சுவாக்கில் மூன்றாவது, "கடைசி ஈடு" என்று கடைக்காரர் சொன்னதும் நான்காவது. அத்தை வரும்போது தட்டில் எண்ணெய்த் தாள். சத்திரத்தில் இந்தத் தொல்லை இல்லை, பந்தி போட்டார்கள், எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் இலையில் விழும். டீக்கடையில் பந்தி கிடையாது. ஆகவே காலையிலேயே கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்து, தலைக்கு இரண்டு என்று தனியாக எடுத்து வைக்கச் சொல்லிவிடுவதே வழி. அதைக் காவல் காக்கும் பொறுப்பை முதலில் போய்ச் சேருகிறவனிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.