பதினொன்றாவது பொருத்தம்

கேள்வி: மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் ரத்தமே கோளாறாகிவிடும் என்கிறார்களே, நம்பலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: தாராளமாக நம்பலாம். அதற்கு ஆதாரம் உங்கள் மலையிலேயே இருக்கிறது.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் நான்கு புரதச் சங்கிலிகள். சங்கிலிக்கு ஓர் இரும்பு அணு; அதில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு ஒட்டும். முதலாவது ஒட்டத்தான் சிரமம். ஒட்டியதும் ஹீமோகுளோபினின் வடிவமே சற்றுத் திரும்பி, மற்றவற்றுக்கு வழிவிடும். கல்யாணப் பந்தியில் முதல் ஆள் உட்காரும்வரைதானே தயக்கம்!

அவற்றில் பீட்டா எனப்படும் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். மரபணுவில் 'ஏ' இருக்கவேண்டிய ஓர் இடத்தில் 'டி' வந்தால், ஆறாவதாக நிற்கவேண்டிய குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து நிற்கும். வேலினுக்குத் தண்ணீர் ஆகாது. ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் பக்கத்து ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியே ஒட்டி ஒட்டி நீண்ட இழையாகி, சிவப்பணுவை அரிவாளாக வளைத்துவிடும். வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கும், வலி உயிர்போகும்.

இந்த ஆள்மாறாட்டத்தைக் கேம்பிரிட்ஜில் 1956-ல் கண்டுபிடித்தவர் வெர்னான் இங்ராம். அதற்கு முன்பே, 1952-ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் அணு இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் பதிவு செய்துவிட்டார்கள்.

இவ்வளவு கெடுதலை இயற்கை ஏன் விட்டுவைத்தது? மாறிய மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், கடும் மலேரியாவிலிருந்து அது காப்பாற்றும். இருவரிடமிருந்தும் வந்தால்தான் வினை.

எனவே, கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் பதினொன்றாவதாக ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளட்டும். அதற்கு ராகுகாலம் பார்க்க வேண்டியதில்லை!