இந்தத் தண்ணீருக்கு யார் காசு கொடுத்தது?

பெரியாறு அணையில் தண்ணீர் இருக்கும் வருஷங்களில் ஜூன் மாதம் தேக்கடி மதகைத் திறப்பார்கள். லோயர்கேம்ப்பில் இறங்குகிற முல்லைப் பெரியாறு கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வழியெல்லாம் வயலை நனைத்துக்கொண்டு வரும். "ஆத்துல புதுத்தண்ணி வந்துருச்சு" என்ற சத்தம் கேட்டதுமே அப்பத்தா பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்துவிடும். எழுபதுகளில் எங்கள் தெரு முழுவதற்கும் ஒரே குழாய்தான். அது வராத நாளில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவோம். முதலில் ஊறும் கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டுச் சற்றுப் பொறுத்தால் அடிமணல் தெரியத் தெளிந்து நிற்கும். சிரட்டையால் மெல்ல மோந்து, வேட்டித் துணியில் வடிகட்டிக் குடத்தை நிரப்ப வேண்டும். அவசரப்பட்டால் மறுபடி கலங்கிவிடும்.

ஆற்றுத் தண்ணீருக்கு ஒரு விலை உண்டென்று அப்பத்தாவுக்குத் தெரியாது. ஆனால் அப்பத்தா பிறப்பதற்கு முன்பிருந்தே விலை கொடுக்கப்பட்டு வந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு போட்ட 999 ஆண்டு அணைக் குத்தகையில் 8,000 ஏக்கர் நிலத்துக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம், ஆண்டுக்கு 40,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறது. 1970 ஒப்பந்தம் அதை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆக்கியது. இன்றைக்கும் தமிழ்நாடு அரசு கேரளத்துக்குக் கட்டிக்கொண்டிருக்கிறது. யார், யாருக்கு, எவ்வளவு என்பதில் ஒளிவுமறைவே கிடையாது.

அழுக்கு வெளியே போன வழிக்குத்தான் கணக்கே இல்லாமல் இருந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்தது எடுப்புக் கக்கூஸ். பின்சந்து வழியாகத் தினம் விடியற்காலையில் ஓர் அம்மா வருவார். கையில் தகரமும் வாளியும், தலையில் சும்மாடு. சாம்பலைத் தூவி, தகரத்தால் வழித்து அள்ளி, வாளியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். மழைக்காலத்தில் வாளி ஒழுகி அவர் கழுத்தில் வடிந்ததை நான் பார்த்திருக்கிறேன். குடிக்கத் தண்ணீர் கேட்டால், குவித்த இரு கைகளில் எட்ட நின்று ஊற்றுவார்கள். நாற்பது வீட்டுக்கு ஒரே குழாய் இருந்த அந்தத் தெருவில் அவர் மட்டும் குழாயைத் தொடக்கூடாது. எங்கள் தெருவின் சுத்தத்துக்கு உண்மையான விலை கொடுத்தவர் அவர்தான். அவர் பெயரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இப்போது வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. எடுப்புக் கக்கூஸை 1993 சட்டமும் 2013 சட்டமும் தடை செய்துவிட்டன. இரண்டும் பெரிய காரியங்கள். அப்பத்தா இருந்தால் வாசல் குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்திருக்கும்.

ஆனால் செலவைப் பாருங்கள். சொத்துவரியோடு குடிநீர், வடிகாலுக்கென்று ஒரு பங்கு கட்டுகிறோம். குழாய் இணைப்புக்குத் தனிக் கட்டணம். அந்தத் தண்ணீர் மேல் நம்பிக்கை இல்லாமல் இருபது லிட்டர் கேன் வாங்குகிறோம். தொட்டி நிறைந்தால் செப்டிக் டேங்க் லாரிக்காரருக்குக் கொடுக்கிறோம். அவர் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. குளிக்கிற, துவைக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் தெருச் சாக்கடையில் விழுந்து, வாய்க்கால் வழியாக ஆற்றுக்கே போகிறது. நாங்கள் ஊற்றுத் தோண்டிய இடத்தில் மணலும் இல்லை, சாக்கடை வந்து விழுகிற வாய்தான் இருக்கிறது. மேல் ஊர் விடுவதைக் கீழ் ஊர் உறைகிணற்றில் எடுத்து, குளோரின் போட்டுக் குடிக்கிறது. ஒவ்வொரு ஊரும் தன் அழுக்கின் செலவை அடுத்த ஊர்த் தலையில் கட்டுகிறது.

லோயர்கேம்ப்பிலிருந்தே குழாய் போட்டு மதுரைக்கு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுபோகும் திட்டத்துக்கு 1,295 கோடி ரூபாய் ஒதுக்கியபோது கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தார்கள். தண்ணீரை ஆற்றிலேயே விடுங்கள், அது போய்ச் சேரும் வைகை அணையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 14,707 ஏக்கர் இருபோக நெல்லை நம்பியிருப்பவர்கள் கேட்டது நியாயம். மதுரைக்குத் தாகம் என்பதும் நியாயம். ஆனால் லோயர்கேம்ப் தண்ணீர் எங்கள் ஊர்களின் சாக்கடை கலப்பதற்கு முந்தைய தண்ணீர் என்பதை நாங்கள் யோசிக்க வேண்டும். ஆற்றைச் சுத்தமாக வைத்துக்கொண்டு "இதையே குடியுங்கள்" என்று சொல்லியிருந்தால் எங்கள் வாதத்துக்கு இன்னும் வலு இருந்திருக்கும்.

அந்த அம்மாவின் வேலையும் முழுசாக ஒழிந்துவிடவில்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. அப்படி இறக்கித்தான், தமிழ்நாட்டிலும் விஷவாயுவில் ஆட்கள் சாகிறார்கள். அப்படிச் செத்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டுத் தொகையை உயர்த்த வேண்டிய நிலைமையில் ஒரு நாடு இருப்பது வெட்கக்கேடு.

நகராட்சிக் கணக்கில் குடிநீர், வடிகால் நிதி என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. அதில் வந்தது எவ்வளவு, குடிநீருக்குப் போனது எவ்வளவு, வடிகாலுக்குப் போனது எவ்வளவு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். தண்ணீர் ஏன் வரவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். நம் வீட்டுச் சாக்கடை எங்கே போய் விழுகிறது, அதைச் சுத்திகரிக்க எவ்வளவு ஒதுக்கினீர்கள், தொட்டியில் யாரை இறக்குகிறீர்கள் என்று நீங்கள் கேளுங்கள். அந்தச் செலவுக்காக வரி கொஞ்சம் கூடினால் முணுமுணுக்காமல் கட்டுவோம்.