இரண்டு காதுக்கு எதற்கு ஏழு ஸ்பீக்கர்?

கே: ஐயாயிரம் ரூபாய்க்குள் நல்ல கேமிங் ஹெட்போன் வாங்க வேண்டும். ‘7.1 சரவுண்ட்’ இருந்தே தீர வேண்டுமா? (ஈரோடு வாசகர்)

ப: முதலில் ‘கேமிங்’ என்ற சொல்லைத் தூக்கி எறியுங்கள், பட்ஜெட்டில் கொஞ்சம் மிச்சமாகும். பெட்டியில் 7.1 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பவை பெரும்பாலும் இடக்காதுக்கு ஒன்று, வலக்காதுக்கு ஒன்று என இரண்டே டிரைவர்கள், அதாவது குட்டி ஸ்பீக்கர்கள்தான். மற்றதெல்லாம் மென்பொருளின் கைங்கரியம். இதை மோசடி என்று சொல்ல வரவில்லை, ஆண்டவன் நமக்குக் கொடுத்ததும் இரண்டு காதுதானே! வலப்பக்கம் ஒருவன் நடந்தால் சத்தம் வலக்காதுக்கு முந்தி வருகிறது. இடக்காதுக்குப் பிந்தி வருகிறது, நடுவில் தலை மறைப்பதால் சற்றுச் சன்னமாகவும் வருகிறது. அந்தத் தாமதம் அதிகபட்சம் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த இரண்டு துப்பை வைத்தே மூளை திசையைப் பிடித்துவிடுகிறது என்று லார்ட் ரேலீ 1907-லேயே எழுதிவிட்டார். முன்னாலா பின்னாலா, மேலா கீழா என்கிற வழக்கைக் காதுமடலின் மடிப்புகள் தீர்த்துவைக்கின்றன. இந்தக் கணக்கை இப்போது கேமே போட்டுக் கொடுக்கிறது. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கிலும் வேலரன்ட்டிலும் எச்.ஆர்.டி.எஃப். என்று ஒரு வசதி இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-இன் டெம்பெஸ்ட் என்கிற இதே மாதிரி வசதி சாதாரண ஹெட்போனிலேயே வேலை செய்யும். அதே ரகமான விண்டோஸ் சோனிக் கம்ப்யூட்டரோடு இலவசமாக வருகிறது. அதற்கு மேல் ஹெட்போனின் 7.1-ஐயும் போட்டால் ஒரு கணக்கின் தலையில் இன்னொரு கணக்கு ஏறி உட்காரும். பின்னால் வருகிறவன் எங்கே இருக்கிறான் என்பது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள். காதுமடல் ஆளுக்கு ஆள் வேறு என்பதால், எது உங்களுக்குச் சரிப்படுகிறது என்பதைப் போட்டுக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கே: ஹெட்போன் போட்டால் முடி கொட்டுமா? (விருத்தாசலம் வாசகர்)

ப: போட்டால் கொட்டாது. விலையைக் கேட்டால் கொட்டலாம்.

கே: என்ன இருந்தாலும் விலை கூடக்கூடத் தரமும் கூடும் அல்லவா? (திருநெல்வேலி வாசகர்)

ப: எல்லாரும் அப்படித்தான் நம்புகிறோம், கடைக்காரர் இன்னும் பலமாக நம்புகிறார். ஜெரோன் பிரேபார்ட் என்கிற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாழ்ந்த சுருதி முதல் உச்ச சுருதி வரை எதை எவ்வளவு பலமாகக் கொடுக்கிறது என்கிற அந்த அடிப்படைக் குணத்துக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் அவர் கண்டது. கீல் உடையாமல் இருப்பது, வயரைக் கழற்றி மாற்ற முடிவது, மெத்தை சுகமாக இருப்பது ஆகியவற்றுக்குக் காசு செலவாகும், அதை மறுக்கவில்லை. ஆனால் ‘விலை அதிகம், அதனால் நன்றாகக் கேட்கும்’ என்ற வாதம் அங்கேயே படுத்துவிடுகிறது. இன்னொரு சாட்சியும் உண்டு. 2014-இல் வந்து பேர் வாங்கிய ஹைப்பர்எக்ஸ் கிளவுட், டாக்ஸ்டார் என்ற சீன நிறுவனத்தின் ஸ்டுடியோ ஹெட்போனை அடிப்படையாகக் கொண்டது. கேமிங் ஹெட்செட்டுகளில் நல்ல பிள்ளை என்று பெயரெடுத்ததே, மைக் மாட்டிய ஸ்டுடியோ ஹெட்போன்தான்! ஆகவே கடையில் ஸ்டுடியோ அலமாரிப் பக்கம் போங்கள். ஆடியோ-டெக்னிகாவின் எம் வரிசை, பிலிப்ஸ் எஸ்.எச்.பி.9500, 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் உழைக்கும் சோனி எம்.டி.ஆர்.-7506 எல்லாம் பார்க்க வேண்டிய பேர்வழிகள். எல்லாமே ஐயாயிரத்துக்குள் அடங்காது, தள்ளுபடிக்குக் காத்திருக்க வேண்டும்.

‘எனக்கு பேஸ் அதிரணுமே’ என்று அடுத்த கடிதம் வரும். வராமல் இருந்ததில்லை. அன்பரே, தாழ்ந்த சுருதிச் சத்தம் பலமானால் அதற்கு மேலே இருக்கிற மெல்லிய சத்தங்களை அது அமுக்கிவிடும். காதின் இயற்கை அப்படி. குண்டு வெடிப்பது வயிற்றை உலுக்கும், அந்த நேரத்தில் மாடிப்படியில் ஏறிவருகிறவனின் காலடி காதில் விழாது. பிஜிஎம்ஐ மாதிரி சுடும் கேமில் உயிரைக் காப்பாற்றுவது காலடிச் சத்தம். குண்டுச் சத்தம், நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தியைச் சொல்ல மட்டும்தான் பயன்படும்.

கே: 50 மி.மீ. டிரைவர் நல்லதா, 40 மி.மீ. டிரைவர் நல்லதா? (நாமக்கல் வாசகர்)

ப: ஸ்கேலை வைத்து அளக்கலாம், காதை வைத்து முடியாது.

கே: ஆர்.ஜி.பி. விளக்கு எரிகிற ஹெட்செட் பற்றி உங்கள் மேலான கருத்து? (ஓசூர் வாசகர்)

ப: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். மாட்டியவரால் மட்டும் பார்க்க முடியாத அலங்காரம் இது. கோயில் திருவிழாவுக்குச் சீரியல் செட் கட்டுவதுபோல காதுக்குக் கட்டியிருக்கிறார்கள், ஆனால் உற்சவர் கண்ணைத் திருப்பி அதைப் பார்க்க வழியில்லை. ஒயர்லெஸ் செட்டில் இந்த விளக்கு பேட்டரியையும் தின்னும். ஸ்ட்ரீம் செய்கிறவர்களுக்கு வேண்டும் என்பார்கள். சரி, அவர்களுக்குப் பார்வையாளர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குப் பின்னால் இருப்பது பீரோ.

கே: மேடையில் ஆடும் புரோ பிளேயர்கள் எல்லாம் கேமிங் ஹெட்செட்தானே போடுகிறார்கள்? (சேலம் வாசகர்)

ப: காதுக்குள்ளேயும் பாருங்கள். பெரிய போட்டி மேடைகளில் பல வீரர்கள் கேமின் சத்தத்தைக் காதுக்குள் செருகும் சின்ன இயர்போனில்தான் கேட்கிறார்கள். மேலே கவிழ்த்திருக்கும் பெரிய செட், கூட்டத்தின் கூச்சலைத் தடுக்கவும் சக வீரர்களோடு பேசவும். அதில் தெரிகிற பெயர் ஸ்பான்சருடையது.

கே: ஸ்டுடியோ ஹெட்போனில் மைக் கிடையாதே? ஒயரும் இடைஞ்சல். புளூடூத் வாங்கினால் இரண்டு தொல்லையும் தீருமே? (திருச்சி வாசகர்)

ப: மைக் இல்லாதது நியாயமான ஆட்சேபணை, ஆனால் சில நூறு ரூபாய்க் காலர் மைக்கில் தீர்ந்துவிடும். போனிலோ ஒற்றை ஜாக் உள்ள லேப்டாப்பிலோ ஆடினால் ஒரு ஒய் ஸ்ப்ளிட்டரும் தேவை. மைக் கெட்டால் மைக்கை மட்டும் மாற்றலாம் என்பது கூடுதல் லாபம். புளூடூத்தில்தான் சிக்கல். 60 ஃபிரேமில் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரம் சுமார் 17 மில்லிவிநாடி. சாதாரண புளூடூத்தில் சத்தம் 150, 200 மில்லிவிநாடி தாமதித்து வருவது சகஜம். அதாவது சுட்டவன் சுட்டுப் பத்து ஃபிரேம் கழித்துத்தான் உங்களுக்கு டுமீல். போதாததற்கு, வழக்கமான புளூடூத்தில் மைக்கை ஆன் செய்த மறுகணமே முழு இணைப்பும் போன் பேசும் தரத்துக்கு இறங்கிவிடும். இடது, வலது கலந்து ஒன்றாகிவிட்டால் திசை ஏது? புதிய எல்.ஈ. ஆடியோ இதைச் சரிசெய்கிறது என்றாலும், ஹெட்போன், கருவி இரண்டிலும் அந்த வசதி இருந்தால்தான் பலன். ஒயரே ஆகாது என்றால் யு.எஸ்.பி. டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் வாங்குங்கள். தாமதம் வெகு குறைவு, விலை கொஞ்சம் கூடுதல்.

எந்த ரகமானாலும், காதில் படும் மெத்தையைத் தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். ரெக்சின் மாதிரி வழவழவென்று இருப்பது சித்திரை வெயிலில் காதோரம் வியர்த்துக் கொட்டவைக்கும், நாளடைவில் கறுப்புச் செதில் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். வெல்வெட் போன்ற துணி மெத்தை நம் ஊருக்குத் தோது. பின்பக்கம் திறந்த ஓப்பன்-பேக் ரகம் காற்றோட்டமானது, சத்தமும் விசாலமாக இருக்கும். ஆனால் ஃபேன், மிக்ஸி, பக்கத்து வீட்டுத் தகராறு எல்லாம் உள்ளே வரும், உங்கள் கேமும் வெளியே போகும். தனி அறை இருந்தால் ஓப்பன், இல்லாவிட்டால் குளோஸ்டு.

கே: பதினைந்து வயது மகன் தினமும் மணிக்கணக்கில் ஹெட்போனோடு ஆடுகிறான். சில நாளாகக் காதில் ‘ங்ங்’ என்று கேட்கிறது என்கிறான். வேறு நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா? (நாகர்கோவில் வாசகி)

ப: ஆகாது அம்மா. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவு 80 டெசிபல் சத்தம், வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 90 டெசிபலுக்குப் போனால் வாரம் முழுவதற்குமே நான்கு மணி நேரம்தான். குழந்தைகளுக்கு அந்த 80-ஐயும் 75 ஆக்கியிருக்கிறார்கள். உள்காதில் சத்தத்தை வாங்கும் மயிர் செல்கள் செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. ஃபேன் சத்தத்தை மீறிக் கேட்க அவன் வால்யூமைக் கூட்டுகிறான் என்றால், காதை நன்றாக மூடும் குளோஸ்டு ரகம் ஓரளவு உதவும். விண்டோஸில் ‘லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்’ வசதி இருந்தால் அதைப் போட்டால் காலடிச் சத்தம் தூக்கலாகும், மொத்த வால்யூமைக் குறைத்துக்கொள்ளலாம். அதெல்லாம் அப்புறம். இப்போது ஹெட்போனைக் கழற்றி வையுங்கள், திட்டாதீர்கள். அவனே வாய்விட்டுச் சொன்னது பெரிய விஷயம். இந்த வாரமே காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போய் ஆடியோகிராம் எடுத்துப் பாருங்கள்.