இருவது வயசை எறக்கி வெச்சுட்டு ஏறுங்க மாப்ளே

வாங்க மாப்ளே, வாங்க. ஹெல்மெட்டு புதுசு, பூட்சு புதுசு, காலுச்சட்டை புதுசு. பழசுன்னு பாத்தா நீங்க மட்டுந்தான். ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி நோம்பிக்கு வந்தவரு, குதிரைச் சந்தையில ஒரு கத்தியவாரைப் பாத்ததும் கைகாலு பரபரன்னு ஆயிருச்சாக்கும். அது அந்த எடத்து வழக்கந்தானுங்க. திப்பு சுல்தான் காலத்துல இருந்தே அங்க ஆளுங்களுக்குப் பரபரங்குதுன்னு சொல்லுவாங்க. அவரு படைக்குக் குதிரை தேடுனாரு. நீங்க... செரி, அதை வுடுங்க.

புதுசா ஏறறவனைப் பத்தி எனக்குக் கவலையே இல்லீங்க. அவனுக்குப் பயம் இருக்குது, அதுவே பொழைக்க வெச்சுரும். பல வருசம் கழிச்சுத் திரும்பி வர்றவன்தான் ஆபத்து. மண்டைக்கு அல்லாம் நாபகம் இருக்கும். கடிவாளம் புடிக்கறது, அங்கவடியில காலு வெக்கறது, குதிகாலைத் தாழ்த்தறது, ஒண்ணு வுடாது. தொடைக்குத்தான் ஒண்ணும் நாபகம் இருக்காது. ஆபீசு நாற்காலியில உக்காந்து உக்காந்து உள்தொடைச் சதை தூங்கிப் போயிருக்கும். மண்டை பாய்ச்சலுக்கு உத்தரவு போடும், தொடை லீவுல இருக்கும். அப்ப நீங்க எங்க இருப்பீங்கன்னு நான் வேற சொல்லோணுமா?

குதிரை தன்ற எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல சொமக்கக் கூடாதும்பாங்க. அந்தச் செவலை 350 கிலோ இருக்குதுன்னு வெச்சுக்கங்க. கணக்கு 70 கிலோ, சேணமும் அதுலயே அடக்கம். நீங்க எத்தனைங்க? வயித்தை உள்ள இழுத்துட்டுச் சொல்லாதீங்க, தராசு அதையெல்லாம் பாக்காது. அதனால செவலை வேண்டாம். அக்கட்டால நிக்குது பாருங்க பெரிய கறுப்புக் கெழடு, அதுதான் உங்களுக்கு. மூஞ்சியச் சுளிக்காதீங்க, அது ஒண்ணும் உங்களைப் பாத்துச் சுளிக்கலயே.

அது லேசுப்பட்டதில்லீங்க. வயித்து வாரை இறுக்கறப்ப நெஞ்சை உப்ப வெச்சுக்கும். இறுக்கியாச்சுன்னு நாம நெனப்போம். கொஞ்சம் நடந்ததும் மூச்சை வுட்டுரும், வார் தளந்துரும், சேணம் உங்களையும் கூட்டிட்டு வயித்துக்கடியில போயிரும். ஏறறதுக்கு முன்னால நாலு எட்டு நடத்திட்டு மறுக்கா இறுக்குங்க. ஏறுன பொறவும் ஒருக்கா பாருங்க. அது வெளியே உப்புது, நீங்க உள்ளே இழுக்கறீங்க. எனக்கென்னமோ ரெண்டு பேத்துக்கும் ஒத்துப்போகும்னுதான் தோணுது.

தரையில இருந்து ஒரே தாவாத் தாவோணும்னு ஆசை இருக்கும். திண்ணைமேல நின்னு ஏறுங்க. கவுரதைக் கொறச்சல்னு நெனக்காதீங்க. நீங்க ஒரு பக்கமாத் தொங்கி ஏறுனா அதோட முதுகு வாங்கிக் கட்டிக்கும். இடப்பக்கமா ஏறறது, இடுப்புல அந்தப் பக்கம் வாள் தொங்குன காலத்துப் பழக்கம். உங்களுக்கு அங்க தொங்கறது போன் பை. அதைக் கழட்டி இப்படிக் குடுங்க.

பயமே இல்லைங்கறீங்க. என்கிட்டச் சொல்லலாம். என்ற பேத்தி ஒரு ஆராய்ச்சியப் படிச்சுச் சொன்னா, ஸ்வீடன் தேசத்துல செஞ்சது, 2009-ல வெளியானது. குதிரைய நடத்திட்டும் ஏறிட்டும் போற ஆளுங்ககிட்ட, இந்த வாட்டி போறப்ப ஒரு கொடைய விரிப்போம்னு சொல்லி வெச்சாங்களாம். கொடைய விரிக்கவே இல்லை. ஆனா ஆளுக்கு நெஞ்சு வேகமா அடிச்சுது, ஒண்ணும் தெரியாத குதிரைக்கும் சேந்து அடிச்சுது. ஈ உக்காந்தாலே தோலைச் சிலுப்பற சீவனுங்க அது, உங்க தொடை நடுங்கறது தெரியாமப் போயிருமா? அதனால ஏறி உக்காந்ததும் ஏதாச்சும் பாடுங்க. பாடறவனால மூச்சை அடக்கி வெக்க முடியாது. அது காதைப் பின்னால திருப்புனா பாட்டை ரசிக்குதுன்னு மட்டும் எடுத்துக்காதீங்க.

நடையில தப்பிச்சுக்குவீங்க. பெருநடையிலதான் சங்கதி இருக்குது. முன்னங்காலு ஒண்ணும் எதிர்ப்பக்கத்துப் பின்னங்காலு ஒண்ணும் சோடியா விழும், ரெண்டே தாளம். ஒரு தாளத்துக்கு எந்திரிக்கோணும், அடுத்ததுக்கு உக்காரோணும். தாளம் தவறுனா உரல்ல போட்ட நெல்லுக்கு ஆகறதுதான் உங்களுக்கும் ஆகும். அந்நேரம் கையி தானாப் போயி கடிவாளத்துல தொங்கும். அது மட்டும் ஆகாதுங்க மாப்ளே, சொல்லிப்போட்டேன். அந்த வாரோட மறுமுனையில இரும்பு, இரும்பு இருக்கறது அதும்பட வாயில. புடிக்கோணும்னா பிடரி மயிரைக் கொத்தாப் புடிச்சுக்கங்க. உங்க தலையில இல்லாத வசதி அதுங்கிட்ட இருக்குது.

இன்னைக்குக் கால் மணி நேரம் போதும். நல்லாத்தானே இருக்குதுன்னு இன்னொரு சுத்துக் கேப்பீங்க, நான் தர மாட்டேன். நாளைக்குக் காத்தால எங்க புள்ளை வந்து, ஏனுங்கப்பா, அவரு கக்கூசுல உக்கார முடியலீங்கறாருன்னு கேட்டா, நான் என்ன பதில் சொல்லுவேன்?

அட, போட்டோவா? அதை இப்பவே எடுத்துக்கலாமுங்க. ஏறி எறங்குன பொறவு இந்த மொகம் கெடைக்காது.