ஒளிவு மறைவு அறியாத உத்தமன்

லினக்ஸ் சர்வரைக் குறை சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மற்ற சிஸ்டங்கள் நெட்வொர்க் போனால் ஒரு மஞ்சள் முக்கோணத்தைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இது அப்படியா? கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லும்.

அதன் அக்கறை பெயர் வைப்பதிலேயே தெரிந்துவிடும். முன்பெல்லாம் நெட்வொர்க் கார்டுக்கு ஈத்0 என்று பெயர். யாருக்கும் நினைவில் நிற்கும், அதுதான் வம்பு. இரண்டு கார்டு இருந்தால் எது 0, எது 1 என்பது பூட் ஆகும்போது மாறிப்போகுமாம். எனவே 2013இல், லினக்ஸைத் துவக்கி வைக்கும் சிஸ்டம்டி, ‘முன்கூட்டியே கணிக்கத்தக்க பெயர்கள்’ என்ற திட்டத்தை நமக்கு அருளியது. இப்போது அது என்பி3எஸ்0. பிசிஐ பஸ் 3, ஸ்லாட் 0 என்று குலம் கோத்திரத்தோடு பெயர். வேறொரு ஸ்லாட்டில் புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டைச் செருகுங்கள். பஸ் எண்கள் நகர்ந்து, தொடாத நெட்வொர்க் கார்டு என்பி4எஸ்0 ஆகிவிடுவதுண்டு. கான்ஃபிக் ஃபைல் மட்டும் பழைய பெயரையே ஜபித்துக்கொண்டிருக்கும். இதில் திட்டத்தின் மேல் என்ன தப்பு? கணிக்கத்தக்கது என்றுதானே சொன்னார்கள். கணித்திருக்க வேண்டியது நாம்.

டிஎன்எஸ் விஷயத்தில் லினக்ஸ் ஒரு ஞானி. உபுண்டுவில் ரிசால்வ்.கான்ஃபைத் திறந்தால் நேம்சர்வர் 127.0.0.53 என்றிருக்கும். அதாவது, விடையை வெளியே தேடாதே, உன்னையே கேள். மேலே ‘திருத்தாதீர்கள்’ என்றொரு வரி. மீறித் திருத்தினாலும் கோபப்படாது. பிறகு சத்தமில்லாமல் பழையபடி மாற்றி எழுதிவிடும்.

லாக் பற்றிச் சொல்லவே வேண்டாம். கேபிள் கழன்றால், பூட் ஆனதிலிருந்து 483921.250317 வினாடியில் லிங்க் போனது என்று டிமெசேஜ் மைக்ரோ வினாடி சுத்தமாக எழுதி வைத்திருக்கும். “அது நேற்று எத்தனை மணிக்குப்பா?” என்று கேட்கிற பாமரர்களுக்குத் தனி ஆப்ஷன் உண்டு. அது காட்டும் நேரம் தவறாகவும் இருக்கலாம் என்று மேனுவலிலேயே போட்டுவிட்டார்கள். இந்த நேர்மை எந்த ஜோசியருக்கு உண்டு?

எண்பதுகளில் எரிக் ஆல்மன் சென்ட்மெயிலுக்காக எழுதிய சிஸ்லாக்கில் எல்லாம் வெறும் எழுத்து. எந்த எடிட்டரிலும் திறந்து படித்துவிடலாம். இவ்வளவு மலிவாகக் கிடைத்தால் மரியாதை இருக்குமா? அதனால் சிஸ்டம்டியின் லாகான ஜர்னல் பைனரி. ஜர்னல்சிடிஎல் என்ற பூசாரி வழியாகத்தான் தரிசனம்.

அந்த ஜர்னலுக்குப் பற்றும் கிடையாது. டிஸ்க்கில் அதற்கென்று ஃபோல்டர் இல்லாத சர்வர்களில் மெமரியிலேயே எழுதிக்கொள்ளும். நள்ளிரவில் பொறுமையிழந்து ரீபூட் செய்தால் நெட்வொர்க் வந்துவிடும், அதுவரை எழுதியதெல்லாம் போய்விடும். காலையில் “ஏன் போச்சு? விரிவான ரிப்போர்ட் வேண்டும்” என்று மேனேஜர் மெயில் அனுப்புவார். விரிவாக எழுதும் சிரமத்தை நமக்கு வைக்காமல் அது முந்தின இரவே பார்த்துக்கொண்டது.