சிக்குவது யார்?

அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிக்கக் கிளம்புகிறவரின் படகைப் பார்த்தால் ஏதோ படையெடுப்பு என்றே தோன்றும். பின்னால் 250 குதிரைத்திறன் எஞ்சின், முன்னால் சத்தமில்லாமல் நகர ஒரு மின்மோட்டார், தண்ணீருக்கடியில் மீன் நகர்வதைத் திரையில் காட்டும் சோனார். எதிரி? பாசிக்கடியில் சிவனே என்று கிடக்கும் அகன்ற வாய் மீன் ஒன்று.

பெட்டியைத் திறந்தால் ரப்பர் புழுக்கள். பச்சைப் பூசணி நிறம், தர்பூசணி நிறம், அதிலேயே சிவப்பு ஜிகினா தூவியது... புடவைக் கடையில்கூட இத்தனை சாயல் எடுத்துப் போட மாட்டார்கள். ‘டெக்சஸ் ரிக்’ முறையில் தோட்டா வடிவக் குண்டைக் கோத்து, கொக்கி முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துவிடுவார்கள், பாசியில் சிக்காது. இது மட்டும் நிஜமான கெட்டிக்காரத்தனம். இவ்வளவு பாடுபட்டுப் பிடித்ததை எடை போட்டு, படம் எடுத்து, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். குழம்பு என்ற பேச்சே கிடையாது!

1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ்; அதுவே சாதனை. சோனாராவது ஒன்றாவது! மனிதர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார். 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் கூடுதல். இரண்டு அவுன்ஸ் கூடினால்தான் புதிய சாதனை என்பது விதி; ஆகவே இருவருக்கும் சமபங்கு. குரிட்டா போட்ட இரை, உயிருள்ள புளூகில் மீன்.