மாப்பிள்ளை மனுஷன் இல்லை, அவ்வளவுதானே!

ரத்தக் காட்டேரியையும் ஓநாய் மனிதனையும் காதலிக்கும் கதைகளைப் பெண்கள் ஏன் விழுந்து விழுந்து படிக்கிறார்கள் என்பது ஆண்களின் நெடுநாள் கவலை. 2005இல் வெளிவந்த 'ட்வைலைட்' நாவலின் ரத்தக் காட்டேரி நாயகனையே எடுத்துக்கொள்வோம். நூறு வயதைத் தாண்டியவன், பார்க்கப் பதினேழு. தன்னால் ஆபத்து உண்டு என்பதைக் காதலியிடம் அவனே சொல்லிவிடுகிறான். நம்மூர் ஜாதகத்தில் இந்த நேர்மையை எந்தக் கட்டத்தில் தேடுவது? அவன் சோறு தின்பதில்லை. ஆகவே சாம்பாரில் உப்பு பற்றிய பேச்சே எழாது. தூக்கமும் இல்லை, அதனால் குறட்டையும் இல்லை.

மனுஷன் அல்லாத மாப்பிள்ளை இவ்வளவு நல்லவனாக இருப்பதில் மணலூர்பேட்டைக்காரர்களுக்கு என்ன வியப்பு? தை 5ஆம் நாள் அவர்கள் ஊர்த் தென்பெண்ணை ஆற்றில் தீர்த்தவாரி. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே எழுந்தருளுகிறார். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் அவர் வீட்டில் திருவூடல் நடந்திருக்கும். கோபித்துக்கொண்ட உண்ணாமுலையம்மன் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சுவாமி ராத்திரியை வெளியே கழித்து, மறுநாள் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வந்த பிறகுதான் வீட்டில் சமாதானம். உலகையே ஆள்பவர், "நான் யார் தெரியுமா?" என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஊரே கூடி நின்று, ஆண்டுதோறும் இதைப் பக்தியோடு பார்க்கிறது.

பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஆண்களோ, பெண்டாட்டி முகத்தைத் திருப்பினால் டீக்கடை வரை நடப்பார்கள், அதுவும் தாங்கள் ஒரு டீ குடிக்க. அமானுஷ்யக் காதல் நாவல் போடும் பதிப்பாளர்களுக்கு இப்போதைக்குக் கவலை இல்லை.